வழக்கறிஞர் மீது பார் கவுன்சிலில் புகார்: தயாரிப்பு முதல் மேல்முறையீடு வரை

தன் வழக்கறிஞராலேயே பாதிக்கப்பட்ட கட்சிக்காரர்கள் புகார் மனு தயாரிக்க நான் உதவி வருகிறேன். உண்மையான புகார்கள்கூடப் பாதியில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்ததுதான் பெரும்பாலும் காரணம். கோபத்தில் முதலில், வழக்கறிஞர்களைப் பதிவு செய்து அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலுக்கு எழுதுகிறார்கள், பிறகு ஆவணம் தேடுகிறார்கள், கடைசியாகத்தான் தங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதற்குள் மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்கும்.

கீழே உள்ளவை தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞர்களை மனதில் வைத்து எழுதியவை. அடிப்படைச் சட்டம் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம். நடைமுறையும் ஒழுக்க விதிகளும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் இருக்கின்றன.

1. முதலில் உங்கள் வழக்கைக் காப்பாற்றுங்கள்

பார் கவுன்சில் வழக்கறிஞரின் நடத்தையை மட்டுமே விசாரிக்கும். உங்கள் வழக்கை அது மீட்டுத் தராது. அங்கே புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக நீதிமன்றத்தின் கெடுவும் நிற்காது.

அதனால் முதல் வேலை, வழக்கின் இன்றைய நிலையை நீங்களே பார்ப்பது. மாவட்ட நீதிமன்ற வழக்குகளுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண் (வழக்கின் தனி அடையாள எண்) இருக்கும். அதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் வாய்தா தேதிகளும் உத்தரவுகளும் வரும். எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரைக் கொண்டும் தேடலாம். குமாஸ்தா போனில் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

சிவில் வழக்கில் உங்களுக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (நீங்கள் ஆஜராகாததால் ஒருதலையாகச் சொன்ன தீர்ப்பு) வந்திருந்தால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். வாதி தரப்பு ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால் மீண்டும் கோப்பில் எடுக்கக் கேட்கவும் 30 நாள்தான். சிவில் தீர்ப்பின் மீது மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதானால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கானால் 90 நாள். கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

இந்தத் தாமத மனுவில்தான் பலர் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள். புதிய வழக்கறிஞர் வழக்கமான பாணியில் "மனுதாரர் மஞ்சள் காமாலையால் படுக்கையில் இருந்தார்" என்று எழுதிவிடுவார். கட்சிக்காரரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். சில மாதம் கழித்து அதே நபர் பார் கவுன்சிலில் "வழக்கு தள்ளுபடியானதை வழக்கறிஞர் எனக்குச் சொல்லவே இல்லை" என்று எழுதுவார். அந்த வழக்கறிஞர் தாமத மனுவின் பிரமாணப் பத்திரத்தை எடுத்து நீட்டும்போது பதில் இருக்காது. தாமதத்துக்கான உண்மையான காரணத்தை மட்டும் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றையே சொல்லுங்கள்.

அடுத்து வக்காலத்து (வழக்கறிஞருக்கு நீங்கள் கொடுத்த அதிகாரப் பத்திரம்) மாற்றம். பழைய வழக்கறிஞர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் வேலை எளிது. மறுத்தால், அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, வக்காலத்தை முடித்துக்கொள்ள நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 3, விதி 4 இதற்கு இடம் தருகிறது. அவர் சம்மதிக்கவில்லை என்பதற்காக வழக்கு முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

புது வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டியவர்கள் நிறைய.

2. உங்கள் குறை எந்தக் கதவுக்கு உரியது?

வழக்கு தோற்றது தொழில்முறைத் தவறு ஆகாது. வாதம் சரியாக வைக்கவில்லை, இந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை என்பதும் பெரும்பாலும் ஆகாது. வெறும் கவனக்குறைவோ கணிப்புப் பிழையோ தொழில்முறைத் தவறு ஆகாது, ஒழுக்கக்கேடு கலந்த மோசமான அலட்சியம் வேறு விஷயம் என்று 1963லேயே உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லிவிட்டது. உங்கள் குறை இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வலுவாக நிற்கும் புகார்கள் சில வகைதான். கோர்ட் ஃபீஸ் வாங்கிக்கொண்டு வழக்கே போடாமல், போட்டதாகச் சொல்லி வருவது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1978ல் தீர்ப்பான வழக்கில் நடந்தது இதுதான். காது கேளாத முதியவரும் அவர் மனைவியும் பிராமிசரி நோட்டுகளை ஒப்படைத்திருந்தார்கள். வழக்கு போட்டாகிவிட்டது என்று அவர்களை நம்ப வைத்திருந்தார் வழக்கறிஞர். அந்தத் தவறு உறுதி செய்யப்பட்டது.

கட்சிக்காரருக்கு வந்த இழப்பீட்டையோ தீர்ப்புத் தொகையையோ வாங்கி வைத்துக்கொள்வது, கேட்காமல் சமரச மனுவில் கையெழுத்துப் போடுவது, ஒரே வழக்கில் பின்னால் எதிர்த்தரப்புக்குப் போவது, வழக்கில் இருக்கும் சொத்தைத் தானே வாங்குவது ஆகியவையும் இந்த வகையில் வரும். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் "வருவதில் இத்தனை சதவீதம்" என்று பேசிக்கொள்வது ஊரெல்லாம் நடக்கிறது. பலன் கிடைப்பதைப் பொறுத்தோ அதில் பங்காகவோ ஃபீஸ் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகளில் விதி 20 தடுக்கிறது.

கேஸ் கட்டை (உங்கள் வழக்கு ஆவணங்கள் உள்ள கோப்பை) தர மறுப்பதும் தவறுதான். ஃபீஸ் பாக்கி இருந்தாலும் வழக்கறிஞர் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பாக்கியை அவர் வேறு சட்ட வழியில் வசூலிக்கலாம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மீது புகார் கொடுக்க நினைப்பவர்கள் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். அவர் தன் கட்சிக்காரருக்காகக் கடுமையாக வாதாடியது தவறாகாது. பொதுவாக வழக்கறிஞருக்கும் புகார்தாரருக்கும் இடையே தொழில்முறை உறவு இருக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அப்படி ஒரு புகாரை ரத்து செய்து 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது.

மற்ற கதவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் வழக்கு. கையாடல், போலிக் கையெழுத்து என்றால் காவல்துறையிலும் புகார் தரலாம். நோட்டரியாகச் சான்றளித்ததில் தவறு என்றால் அதற்கு நோட்டரி விதிகளின்படி தனி நடைமுறை இருக்கிறது. இலவச சட்ட உதவி வழக்கறிஞர் பணம் கேட்டால் அவரை நியமித்த ஆணைக்குழுவுக்கும் உடனே தெரிவியுங்கள்.

பணத்தைத் திருப்பி வாங்க மட்டும்தான் ஆசை என்றால், பார் கவுன்சில் அதற்கான இடம் இல்லை. தள்ளுபடி, கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் இவைதான் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35வது பிரிவு சொல்லும் உத்தரவுகள். நடவடிக்கைச் செலவு பற்றி உத்தரவிடலாம். அதைத் தாண்டி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

3. ஆவணங்களைத் திரட்டுங்கள்

முதலில் வேண்டியது வக்காலத்தின் சான்றிட்ட நகல். "இவர் என் கட்சிக்காரரே இல்லை" என்ற பதில் வரும். நம்ப மாட்டீர்கள், ஆனால் வரும். நீதிமன்ற நகல் பிரிவில் மனுப் போட்டு வாங்குங்கள். அதோடு வழக்கைத் தள்ளுபடி செய்த உத்தரவு, பணம் எடுக்கப்பட்டதற்கான உத்தரவு, சமரச மனு என்று உங்கள் புகாருக்குத் தொடர்புள்ளவற்றின் சான்றிட்ட நகலும் வேண்டும். ஈ-கோர்ட்ஸ் பக்கத்தின் பிரிண்ட் உங்களுக்குத் தகவல் தரும், நிரூபணத்துக்குச் சான்றிட்ட நகல்தான் பலம்.

வழக்கே போடவில்லை என்பது புகார் என்றால், இல்லாத வழக்குக்கு எங்கே நகல் வாங்குவது? நகல் மனுப் போட்டு, அப்படி ஒரு வழக்கு இல்லை என்று அது திரும்பி வந்தால் அந்தக் குறிப்பே உங்களுக்கு ஆவணம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பணம் கொடுத்ததற்கான சான்று அடுத்தது. யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் என்றால் கணக்கு அறிக்கை போதும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதே நாளில் வங்கியிலிருந்து எடுத்த பதிவு, நகை அடகு வைத்த ரசீது, கூட வந்தவரின் சாட்சி, "பணம் வந்தது" என்ற ஒரு குறுஞ்செய்தி எல்லாம் சேர்ந்து வலு சேர்க்கும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை விற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63வது பிரிவு மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. உரையாடலை முழுதாக எடுத்து, அந்தச் சான்றிதழையும் தயாரித்து வையுங்கள். உங்களுக்குச் சாதகமான நான்கு வரியை மட்டும் வெட்டி வைத்தால், மீதியை அவர் தாக்கல் செய்வார்.

4. புகாருக்கு முன் ஒரு கடிதம்

கேஸ் கட்டு, கணக்கு, பணம் எதுவானாலும் முதலில் எழுத்தில் கேளுங்கள். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, கடித நகலையும் தபால் ரசீதையும் வையுங்கள். "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்" என்பதுதான் வழக்கமான முதல் பதில். இந்தக் கடிதம் அதை அடைத்துவிடும்.

கட்சிக்காரரின் பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது விதி 25. செலவுக்கென்று வாங்கியதை உங்கள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஃபீஸாக மாற்றக் கூடாது என்கிறது விதி 26. கணக்கின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை விதி 30ல் உங்களுக்கு இருக்கிறது, நகல் செலவை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். கடிதத்தில் இவற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் தராமல் இருப்பதே பிறகு உங்களுக்கு உதவும்.

"பணம் தராவிட்டால் பார் கவுன்சிலுக்குப் போவேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். பேரம் பேசியதாகவும் மிரட்டியதாகவும் அதைக் காட்டலாம். கேட்பதைக் கேளுங்கள், 15 நாள் அவகாசம் கொடுங்கள், அவ்வளவு போதும். ஃபேஸ்புக்கிலும் குழுக்களிலும் பெயரைப் போட்டு எழுதுவதும் வேண்டாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு. பொதுவில் எழுதுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

5. மனுவை எழுதுதல்

விதிப்படி புகார் ஒரு மனு வடிவில், கையெழுத்தோடும் சரிபார்ப்போடும் இருக்க வேண்டும். மாநில மொழியில் எழுத அனுமதி உண்டு. தமிழிலேயே தெளிவாக எழுதலாம். புரியாத ஆங்கிலத்தில் யாரையோ எழுத வைத்து, குறுக்கு விசாரணையில் "இதன் பொருள் என்ன" என்று கேட்கும்போது விழிப்பதைவிட அது பல மடங்கு மேல்.

வழக்கறிஞரின் முழுப் பெயர், அலுவலக முகவரி, பதிவு எண் மூன்றும் வேண்டும். பதிவு எண் பெரும்பாலும் வக்காலத்திலேயே இருக்கும். வேறு மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்றால் புகார் அங்கேதான் போக வேண்டும், ஏனென்றால் தன் பதிவேட்டில் இருப்பவர் மீதுதான் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் அதிகாரம்.

ஒரு பத்திக்கு ஒரு சம்பவம், ஒவ்வொன்றிலும் தேதி, செயல், ஆவணம். இப்படி:

"4. 12.03.2023 அன்று கோர்ட் ஃபீஸுக்காக 40,000 ரூபாயை எதிர்மனுதாரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன் (ஆவணம் 3). 5. 20.06.2023 அன்று வழக்கு தாக்கல் ஆகிவிட்டதாக வாட்ஸ்அப்பில் தெரிவித்தார் (ஆவணம் 4). 6. அப்படி எந்த வழக்கும் தாக்கல் ஆகவில்லை என்பது நகல் மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்பிலிருந்து தெரிந்தது (ஆவணம் 5)."

இந்த மூன்று பத்திகளில் ஒரு வசைச்சொல் இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். "மோசடிப் பேர்வழி", "எதிரியிடம் விலைபோனவர்" என்று எழுதினால், அதையும் நீங்களே நிரூபிக்க வேண்டிவரும். ஒழுங்கு நடவடிக்கை கிட்டத்தட்டக் குற்ற வழக்கு போன்றது என்பதால், சந்தேகத்தின் பலனை வழக்கறிஞருக்குத் தர வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆவணம் உள்ள இரண்டு குற்றச்சாட்டு மட்டும் இருக்கும் மனு, ஆவணமில்லாத எட்டையும் சேர்த்துக்கொண்ட மனுவைவிட வலுவாக நிற்கும். நிரூபிக்க முடியாததை, எவ்வளவு வலித்தாலும், விட்டுவிடுங்கள்.

ஜூனியர், குமாஸ்தா, நீதிபதி என்று எல்லோரையும் இழுப்பதும் கூடாது. குமாஸ்தா மீது பார் கவுன்சிலுக்கு ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் இல்லை. நீதிபதி மீதான புகார் முற்றிலும் வேறு வழி.

கடைசியில் சரிபார்ப்பு. எந்தெந்தப் பத்திகள் நீங்களே நேரடியாக அறிந்தவை, எவை பிறர் சொல்லி உண்மை என்று நம்புபவை என்று பத்தி எண்ணோடு பிரித்து எழுதி, இடமும் தேதியும் போட்டுக் கையெழுத்திடுங்கள். ஆதரவாக ஒரு பிரமாணப் பத்திரமும் வையுங்கள். வெறும் கடிதமாக அனுப்பியவை இந்தக் குறைக்காகவே திரும்பி வருவதைப் பார்க்கிறேன்.

6. தாக்கல்

பார் கவுன்சில் அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. மனு செயலாளருக்குப் போக வேண்டும். கட்டணம், அதைச் செலுத்தும் முறை, எத்தனை நகல் என்பதை அனுப்பும் முன் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். அசல் ஆவணங்களைக் கொடுத்துவிடாதீர்கள். நகலை வைத்து, அசலை விசாரணையில் காட்டுங்கள்.

மனு போய்ச் சேர்ந்த தேதிக்கு அத்தாட்சி கட்டாயம் வேண்டும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். விசாரணையை முடிப்பதற்கான ஓராண்டுக் கணக்கு (பகுதி 9) அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது. குறைகளைத் திருத்தச் சொல்லி கடிதம் வந்தால் அது நிராகரிப்பு ஆகாது. பயப்படாமல் குறித்த காலத்துக்குள் திருத்திக் கொடுங்கள்.

7. விசாரணை எப்படி நடக்கும்

பதிவான புகார் முதலில் கவுன்சிலின் முன் வைக்கப்படும். கூடுதல் விவரம் கேட்கலாம், வழக்கறிஞரின் விளக்கமும் கேட்கலாம். தவறு நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். எல்லாப் புகாரும் தானாகக் குழுவுக்குப் போய்விடாது. ஆவணங்களை "அப்புறம் விசாரணையில் காட்டிக்கொள்ளலாம்" என்று பதுக்கி வைப்பவர்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

குழுவில் மூன்று பேர். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் இந்தக் குழுவுக்கு உண்டு. உங்களிடம் இல்லாத கணக்குப் புத்தகத்தை வரவழைக்க மனுப் போடலாம். இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

நீங்களே ஆஜராகலாம், வழக்கறிஞரும் வைத்துக்கொள்ளலாம். பிரமாணப் பத்திரத்தின் மீதே முடிக்கலாம்; வாய்மொழி சாட்சியம் தேவைப்பட்டால் சிவில் வழக்கு நடைமுறை. அப்போது குறுக்கு விசாரணைக்குத் தயாராக உங்கள் மனுவையும், முன்பு நீதிமன்றத்தில் போட்ட எல்லாப் பிரமாணப் பத்திரங்களையும் திரும்பப் படித்துவிட்டுப் போங்கள். நினைவில் இல்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள்.

வாய்தாவைத் தவறவிடாதீர்கள். ஒரு தரப்பு வராவிட்டால் குழு அவர் இல்லாமலே தொடரலாம். முகவரி மாறினால் அன்றே எழுதித் தெரிவியுங்கள்.

8. நடுவில் சமரசப் பேச்சு வந்தால்

நோட்டீஸ் போனதும் பல வழக்கறிஞர்கள் கட்டையோ பணத்தையோ திருப்பித் தர முன்வருவார்கள். உங்களுடையதை வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை. என்ன பெற்றீர்கள் என்பதற்கு மட்டும் ரசீது கொடுங்கள். "தவறுதலாகப் புகார் கொடுத்துவிட்டேன்" என்ற வாசகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அது உங்கள் முந்தைய பிரமாணத்தைப் பொய்யாக்கிவிடும்.

புகார்தாரர் வாபஸ் வாங்கினார், சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டுமே நடவடிக்கையைக் கைவிடக் கூடாது என்பது விதி. அதனால் "நான் முடித்துவைக்கிறேன்" என்று நீங்களும் வாக்குக் கொடுக்க முடியாது.

9. ஓராண்டு தாண்டினால்

புகார் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் குழு முடிக்க வேண்டும் என்கிறது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36-பி பிரிவு. முடிக்காவிட்டால் நடவடிக்கை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். இந்தக் காலக்கெடுவைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

காகிதத்தில் மாறிவிட்டாலும் கோப்பு தானாக டெல்லிக்கு நடந்து போகாது. பத்தாவது மாதத்தில் நிலையைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். ஓராண்டு முடிந்ததும் பிரிவைக் குறிப்பிட்டு, ஆவணங்களை அனுப்பி வைக்கக் கோரி செயலாளருக்கு எழுதி, நகலை இந்திய பார் கவுன்சிலுக்கும் அனுப்புங்கள்.

10. உத்தரவு வந்த பிறகு

குழுவின் உத்தரவில் திருப்தி இல்லை என்றால் 37வது பிரிவின்படி இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள் அவகாசம். உத்தரவு வந்த தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள், அதன் தேதி முத்திரைதான் இங்கே சான்று. அங்கேயும் தோற்றால் 38வது பிரிவின்படி உச்ச நீதிமன்றம், அதற்கும் 60 நாள்.

குழுவுக்கு அனுப்பாமலே கவுன்சில் புகாரை நிராகரித்துவிட்டால் வழி வேறு. 37வது பிரிவு குழுவின் உத்தரவுக்கானது என்பதால், அப்போது 48-ஏ பிரிவின் கீழ் சீராய்வு கோரி இந்திய பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். தவறான பிரிவில் போட்டு மாதக்கணக்கில் இழப்பது இங்கேதான்.

வழக்கறிஞர் மேல்முறையீடு செய்தால் தண்டனை தானாக நின்றுவிடாது. தண்டனையை நிறுத்தி வைக்கும் தடை உத்தரவை அவர் தனியாக வாங்க வேண்டும். உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் தடை மனுவுக்கும் பதில் தாக்கல் செய்யுங்கள். தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்ட காலத்தில் அவர் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராக முடியாது. ஆஜரானது தெரிந்தால் தேதி, நீதிமன்றம், வழக்கு எண்ணோடு பார் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.